கத்தோலிக்கப் பள்ளி முதல்வர்களின் இறைநம்பிக்கையும் ஆன்மிகத் தலைமையும்: சேலம் – நாமக்கல் சமவெளியை முன்வைத்து

ஆய்வுச்சுருக்கம்

கத்தோலிக்கப் பள்ளியின் தலைவர் நிருவாகி மட்டுமல்லர்; ஆன்மிகப் பொறுப்பும் உடையவர் என்பது திருச்சபை ஆவணங்களின் நிலைப்பாடு. துறவியர் வகித்த இப்பொறுப்பு பொதுநிலையினரிடம் சேர்ந்துவரும் காலத்தில், அதற்குரிய அகப்பயிற்சி எவ்வாறு அமைய வேண்டும் என்னும் வினா எழுகிறது. கிறித்தவர் சிறுபான்மையினராகவும் தேர்ச்சிப் போட்டி மிகுந்தும் உள்ள சேலம் – நாமக்கல் சமவெளியைக் களமாகக் கொண்டு இவ்வினாவை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஆன்மிகத் தலைமை, ஆன்மிக மூலதனம், பொதுநிலையினர், தாளாளர், சிறுபான்மையினர் கல்வி உரிமை.

முன்னுரை

சேலம் நகருக்குத் தெற்கே, அரளித் தோட்டங்கள் சூழ்ந்த பனமரத்துப்பட்டி போன்ற ஊர்களில் பள்ளி என்பது குடும்பத்தின் வாழ்நிலையை மாற்றவல்ல முதன்மை வாயிலாகக் கருதப்படுகிறது. இத்தகைய ஊர்களிலிருந்து கத்தோலிக்கப் பள்ளியை நாடி வரும் பெற்றோருள் பெரும்பாலோர் கிறித்தவரல்லர். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் கிறித்தவர் 6.12 விழுக்காட்டினர், சேலம், நாமக்கல் மாவட்டங்களில் இவ்விழுக்காடு இதனினும் மிகக் குறைவு. எனவே, வேற்றுச் சமயப் பிள்ளைகள் நிறைந்த பள்ளியில் அதன் தலைவரின் இறைநம்பிக்கைக்கு என்ன இடம் என்பது இப்பகுதியில் நாள்தோறும் எதிர்ப்படும் நடைமுறைச் சிக்கலாகும்.

வரலாற்றுப் பின்புலம்

இப்பகுதியில் கிறித்தவத்தின் தொடக்கம் இராபர்ட் தெ நொபிலியோடு தொடர்புடையது. அவர் 1623இல் மதுரையிலிருந்து புறப்பட்டுச் சேந்தமங்கலம், சேலம் ஆகிய ஊர்களை அடைந்தார். சேலம் மறைமாவட்டம் 1930இல் தோற்றுவிக்கப்பட்டது. 1997இல் தருமபுரி தனி மறைமாவட்டமாகப் பிரிந்தது.

கல்விப் பணியில் துறவற சபைகளின் பங்கு பெரிது. 1827இல் புதுச்சேரிக்கு வந்த குளூனி புனித சூசையப்பர் சபை அருட்சகோதரிகள் பின்னர்ச் சேலம், ஏற்காடு பகுதிகளிலும் கல்விப்பணி ஆற்றினர். ஏற்காட்டில் 1917இல் மான்ட்ஃபோர்ட் பள்ளி தொடங்கப்பெற்றது. இந்நிறுவனங்களின் தலைவர்கள் துறவற வாழ்வின் வழியே உருவானவர்கள். நாள்தோறும் செபம், தியானம், ஆன்ம ஆய்வு, குழு வாழ்வு ஆகியவற்றைக் கைக்கொண்டவர்கள். தலைமைக்கெனத் தனி ஆன்மிகப் பயிற்சி தேவைப்படாமைக்கு அவ்வாழ்வுமுறையே காரணமாயிற்று.

ஆன்மிக மூலதனம் குறைதல்

இங்கிலாந்தில் அறுபது கத்தோலிக்கப் பள்ளித் தலைவர்களை ஆராய்ந்த ஜெரால்டு கிரேஸ், 2002இல் வெளியிட்ட நூலில் 'ஆன்மிக மூலதனம்' என்னும் கருத்தாக்கத்தை முன்வைத்தார். துறவியரிடம் பயின்ற பொதுநிலைத் தலைவர்கள் அவர்களிடமிருந்து பெற்ற ஆன்மிக வளத்தைக் கொண்டு பள்ளியை நடத்துகின்றனர். அவ்வளம் புதுப்பிக்கப்படாவிடில் அடுத்த தலைமுறையில் வற்றிவிடும் என்பதே அவர் எழுப்பிய அச்சத்தின் சாரம்.

தமிழகச் சூழலில் இச்சிக்கல் வேறொரு வடிவம் கொள்கிறது. இங்குத் துறவியர் முற்றிலும் விலகிவிடவில்லை. அருட்பணியாளர் அல்லது அருட்சகோதரி தாளாளராக இருக்க, பொதுநிலையினர் தலைமையாசிரியராகப் பணியாற்றும் இரட்டை அமைப்பு அரசு உதவிபெறும் பள்ளிகளில் பரவலாக உள்ளது. இதில் ஆன்மிகம் தாளாளரின் பொறுப்பு, தேர்ச்சியும் பதிவேடும் தலைமையாசிரியரின் பொறுப்பு என்னும் பிரிவினை எளிதில் உருவாகிறது. மேலும், துறவியர் சில ஆண்டுகளில் பணிமாற்றம் பெறுகின்றனர். பணிமூப்பு அடிப்படையில் உயரும் பொதுநிலையினரோ ஓய்வுக்குச் சில ஆண்டுகளே இருக்கும்போது அப்பதவியை அடைகின்றனர். இரு நிலையிலும் பள்ளியின் ஆன்மிகத் தொடர்ச்சி அறுபடும் வாய்ப்புண்டு.

திருச்சபை ஆவணங்களின் நோக்கு

1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வெளியிட்ட கிறித்தவக் கல்வி பற்றிய அறிக்கை, நற்செய்திக்குரிய விடுதலையும் அன்பும் நிறைந்த சூழலை உருவாக்குவதே கத்தோலிக்கப் பள்ளியின் தனித்தன்மை என விளக்கியது. கல்விப் பேராயம் 1977இல் வெளியிட்ட ஆவணம், பள்ளிகள் வசதி படைத்தோரையே நாடிச் செல்லும் இடரைச் சுட்டியது. 1982இல் வெளிவந்த ஆவணம் பொதுநிலை ஆசிரியரைத் துறவியரின் பதிலாள் என்று கருதாமல், தமக்கேயுரிய அழைத்தல் பெற்றவராக ஏற்றது. பள்ளித் தலைவர் மேலாளர் என்னும் நிலையைக் கடந்து, திருச்சபைப் பணியை ஏற்ற கல்வித் தலைவர் ஆவார் என்பது 2022ஆம் ஆண்டு ஆவணத்தின் கருத்து. இவ்வாவணங்களை இணைத்து நோக்கின், ஆன்மிகத் தலைமை வழிபாட்டு நேரத்திற்கு மட்டும் உரியதன்று. பள்ளியின் சூழல், சேர்க்கை, உறவு ஆகிய அனைத்திலும் வெளிப்பட வேண்டியது என்பது தெளிவாகிறது.

சட்டம் தரும் உரிமையும் எல்லையும்

இந்திய அரசமைப்பின் 30(1)ஆம் பிரிவு சிறுபான்மையினர் தாம் விரும்பும் கல்வி நிறுவனங்களை நிறுவி நிருவகிக்க உரிமை அளிக்கிறது. தலைமையாசிரியரைத் தெரிவு செய்வது இவ்வுரிமையின் முக்கியக் கூறு என்பதை உச்சநீதிமன்றம் 1998இல் அம்மது வழக்கில் உறுதிப்படுத்தியது. 2006இல் மலங்கரை சிரியன் கத்தோலிக்கக் கல்லூரி வழக்கில் முதல்வர் பதவிக்கும் இந்நெறி வலியுறுத்தப்பட்டது. தகுதியுடையோருள் தக்கவரைத் தேர்ந்தெடுக்க நிருவாகத்திற்கு உரிமையுண்டு. பணிமூப்பு மட்டுமே அதனைக் கட்டுப்படுத்தாது.

அதேவேளை, 28(3)ஆம் பிரிவு, அரசின் ஏற்போ நிதியுதவியோ பெற்ற பள்ளியில் பயிலும் எவரையும் அவருடைய இசைவின்றிச் சமயப் போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்கக் கட்டாயப்படுத்தலாகாது என்கிறது. உரியவர் வயதுவராதவராயின் பாதுகாவலரின் இசைவு வேண்டும். கத்தோலிக்க மாணவருக்கு மறைக்கல்வியும் ஏனையோருக்கு நன்னெறிக்கல்வியும் ஒரே வேளையில் நடைபெறும் வழக்கம் இவ்வெல்லையோடு ஒத்துச் செல்கிறது. தக்கவரைத் தெரிவு செய்யும் உரிமை சட்டத்தால் கிடைப்பது. தக்கவரை உருவாக்கும் கடமை சமூகத்தைச் சார்ந்தது. பின்னது நிறைவேறாதபோது முன்னது வெறும் நிருவாக அதிகாரமாகச் சுருங்கிவிடும்.

தேர்ச்சிச் சந்தையும் தலைமையின் சோதனையும்

நாமக்கல், இராசிபுரம் பகுதிகள் விடுதியோடு கூடிய தனியார் பள்ளிகளுக்கும் மேனிலைத் தேர்வு மதிப்பெண்களுக்கும் மாநில அளவில் பெயர்பெற்றவை. 2017இல் தமிழக அரசு பொதுத்தேர்வுத் தரவரிசை அறிவிப்பைக் கைவிட்டது. ஆயினும், மதிப்பெண்ணைக் கொண்டே பள்ளியை மதிப்பிடும் மனநிலை மாறிவிடவில்லை.

இங்குத்தான் தலைவரின் நம்பிக்கை சோதிக்கப்படுகிறது. ஒன்பதாம் வகுப்பில் பின்தங்கிய மாணவனுக்கு மாற்றுச் சான்றிதழ் அளித்து அனுப்பிவிட்டால் அடுத்த ஆண்டுத் தேர்ச்சி விழுக்காடு உயரும். விடியலில் பூப்பறிக்கச் சென்று பள்ளிக்குத் தாமதமாக வரும் மாணவியை வாயிலிலேயே திருப்பி அனுப்பினால் ஒழுங்கு காக்கப்பட்டதாகத் தோன்றும். இம்முடிவுகளுக்குச் சட்டத் தடையோ மேலிடக் கண்டனமோ நேராமற் போகலாம். காலையில் நற்செய்தி வாசித்துவிட்டு மாலையில் இவ்வாறு முடிவெடுக்கும் தலைமை, ஆன்மிகத்தை அலங்காரமாக்கிக் கொள்கிறது. காணாமற்போன ஆட்டைத் தேடும் ஆயனின் உவமையை அப்பள்ளியின் கிறித்தவரல்லாத மாணவர்கள் அறிந்துகொள்வது, மறைக்கல்வி வகுப்பில் அன்று; தலைவரின் இத்தகைய முடிவுகளில்தான்.

வளர்த்தெடுக்கும் வழிமுறைகள்

முதலாவது, முன்னாயத்தம். பதவியேற்ற பின்னர் அளிக்கும் ஓரிரு நாள் பயிற்சி போதாது. உதவித் தலைமையாசிரியர், முதுநிலை ஆசிரியர் நிலையிலேயே தக்கோரை இனங்கண்டு, கல்வியியலோடு விவிலியம், திருச்சபையின் சமூகப் போதனை ஆகியவற்றிலும் பயிற்றுவித்தல் வேண்டும்.

இரண்டாவது, அன்றாட ஆன்ம ஆய்வு. புனித இஞ்ஞாசியார் வகுத்த இம்முறை, நாளின் நிகழ்வுகளை இறைமுன்னிலையில் மீள நோக்கச் செய்கிறது. இன்று எந்த முடிவு அச்சத்தால் எடுக்கப்பட்டது, எது அன்பால் எடுக்கப்பட்டது என வினவும் தலைவர் தம் அதிகாரத்தைத் தாமே நெறிப்படுத்துகிறார். இல்லறத்தாருக்கும் இது எளிதில் இயலும்.

மூன்றாவது, தாளாளரும் தலைமையாசிரியரும் இணைந்து சிந்தித்தல். நிதி, கட்டடம், பணியமர்த்தம் பற்றி மட்டுமே இருவரும் கூடிப் பேசும் நிலை மாற வேண்டும். விளிம்புநிலை மாணவரின் நிலை குறித்தும் பள்ளியின் நோக்கம் குறித்தும் பேசுதற்கு உரிய நேரம் ஒதுக்கப்பட வேண்டும்.

நான்காவது, தோழமை வட்டம். அண்மைப் பள்ளிகளின் தலைவர்கள் தம் இடர்ப்பாடுகளை மறைவின்றிப் பகிரும் சிறு குழுக்கள், துறவற இல்லம் அளித்த குழு வாழ்வின் பயனைப் பொதுநிலையினருக்கும் ஓரளவு அளிக்கும். ஆண்டுத் தியானம் ஒருமுறை நிகழ்வாக நின்றுவிடாமல் இக்குழுக்களின் வழியே தொடரலாம்.

ஐந்தாவது, பொறுப்பு ஒப்படைப்பு. பதவி மாறும்போது பதிவேடுகளோடு பள்ளியின் ஆன்மிக மரபு, பாதுகாக்கப்பட வேண்டிய மாணவர் குடும்பங்கள் ஆகியவை பற்றிய அறிதலும் கைமாற்றப்பட வேண்டும்.

நிறைவுரை

கத்தோலிக்கப் பள்ளியின் ஆன்மிகத் தலைமை துறவாடைக்கு உரியதாக இருந்த நிலை மாறி வருகிறது. இம்மாற்றத்தை இழப்பாக மட்டும் கருத வேண்டியதில்லை. பொதுநிலையினரின் அழைத்தல் முழுமை பெறும் வாய்ப்பாகவும் கொள்ளலாம். ஆயின், துறவற வாழ்வு இயல்பாக வழங்கிய அகப்பயிற்சியை இனித் திட்டமிட்டே வழங்க வேண்டும். அவ்வாறு வளர்த்தெடுக்கப்பட்ட இறைநம்பிக்கை, பிற சமய மாணவரின் மனச்சான்றுக்கு ஊறு செய்யாது. மாறாக, மதிப்பெண்ணால் அளக்கப்படும் சூழலில் பின்தங்கிய பிள்ளைக்கும் பள்ளியில் இடமுண்டு என்னும் உறுதியாக வெளிப்படும். சேலம் – நாமக்கல் சமவெளியில் கத்தோலிக்கப் பள்ளி தன் பெயருக்குரிய தகுதியைப் பெறுவது இவ்வுறுதியைப் பொறுத்ததே ஆகும்.