மோட்டார் எஞ்சினின் குளிர்நீரில் தோன்றும் குமிழிகள்

பெங்களூரிலிருந்து ஓசூர் செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள தொழிற்பேட்டை பொம்மசந்திரா. அங்குள்ள ஆலைகளுக்குச் சரக்கேற்றி வரும் லாரிகள் நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது ரேடியேட்டருக்குப் போதிய காற்று கிட்டுவதில்லை. மேலும், அப்பகுதி கடல் மட்டத்திற்குச் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், திறந்த பாத்திரத்தில் நீர் ஏறத்தாழ 97 டிகிரி சென்டிகிரேடிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடி உள்ளழுத்தத்தைக் காத்து இக்கொதிநிலையை உயர்த்துகிறது. மூடியின் ரப்பர் வளையம் தேய்ந்தால் அவ்வனுகூலம் போய்விடும். நீராவிக் குமிழிகள் எழும்.

குமிழியைக் கண்டவுடன் 'ஹெட் காஸ்கெட் போய்விட்டது' என்று தீர்மானிப்பது பட்டறைகளில் காணும் வழக்கம். இதனால் பழுதற்ற எஞ்சினும் வீணே பிரிக்கப்படுகிறது. மெய்யாகவே காஸ்கெட் பழுதாகியிருக்க, நீரை மட்டும் நிரப்பி ஓட்டினாலோ, ஸிலிண்டரின் தலைப்பாகம் வெப்பத்தால் வளைந்துவிடக்கூடும். வெப்பமானியையும் முழுதும் நம்புவதற்கில்லை. அதன் உணர்கருவி காற்றறையில் அகப்பட்டால், உலோகம் காய்ந்துகொண்டிருக்கும்போதே முள் தாழ்ந்து நிற்கும்.

நீர் மாற்றியபின் தங்கிய காற்று, தெர்மோஸ்டாட் திறந்ததும் சிறிது நேரம் குமிழியிட்டு ஓய்ந்துவிடும். பம்பின் உறிஞ்சும் பக்கத்துக் குழாயில் கசிவிருப்பின் வெளிக்காற்று உட்புகும். ஸிலிண்டரிலிருந்து கசியும் எரிவாயுவோ ஓயாது. எஞ்சின் குளிர்ந்திருக்கையிலேயே தோன்றும். வேகத்தைக் கூட்டினால் மிகும்.

இவற்றைப் பிரித்தறியப் பழைய முறையொன்று உண்டு. ஆறிய எஞ்சினில் ரேடியேட்டரை விளிம்புவரை நிரப்பி, மூடியை எடுத்து, விசிறி பெல்ட்டைக் கழற்றி, ஒரு நிமிஷத்திற்கு மிகாமல் ஓட்டுக. பம்பு சுழலாமையால் வெளிக்காற்று புகாது. நீர் சூடேறாமையால் ஆவியும் எழாது. அப்போதும் குமிழி தொடர்ந்து வருமாயின் அது எரிவாயுவே. பம்பை வேறு பெல்ட் இயக்கும் எஞ்சின்களுக்கு இம்முறை பயன்படாது. சூடான ரேடியேட்டரின் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்கலாகாது.

எரிவாயுவில் கரியமில வாயு அடங்கியிருப்பதால் ரசாயனச் சோதனையும் உண்டு. நீர்மட்டத்திற்கு மேலுள்ள வாயுவைப் புரோமோதைமால் நீலக் கரைசலில் செலுத்தினால் நீலம் மஞ்சளாகும். ஆசிரியர்கள் இதே கரைசலில் குழலால் மூச்சை ஊதி வகுப்பில் இம்மாற்றத்தைக் காட்டலாம். மாணவர் உறிஞ்சிவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். சுமையின்றி ஓடும் டீசல் எஞ்சினின் புகையில் கரியமில வாயு குறைவாதலால், நிறம் மெதுவாகவே மாறும். சில வேளை பச்சையளவில் நின்றுவிடுவதும் உண்டு.