முத்து என்றொரு பெயர்

இராமநாதபுரம் மாவட்டத்தின் கடலோர ஊர்களில் எந்தப் பள்ளிக்கூடத்தின் பழைய வருகைப் பதிவேட்டைப் புரட்டினாலும் முத்துலட்சுமி, முத்துமாரி, முத்தம்மாள், முத்துப்பேச்சி, முத்துக்கண்ணு என்று பெயர்கள் வரிசையாக வரும். பாட்டிமார் தலைமுறையில் இன்னும் அதிகம். அதே பதிவேட்டில் முத்துராமலிங்கம் இருப்பார், முத்துக்குமார் இருப்பார், முத்து இபுராகிமும் இருப்பார். ஆண், பெண் என்றோ, கோயில், பள்ளிவாசல் என்றோ பார்க்காமல் ஒட்டிக்கொள்ளும் பெயர் இது. கடலோரம் என்பதால் கடல் கொடுத்த பெயர் என்று நினைப்போம். அது பாதிதான் உண்மை. மீதிப் பாதி காய்ச்சலிலிருந்து வந்தது. இரண்டு பாதிக்கும் உயிரியலில் ஓர் ஒற்றுமை உண்டு என்பதுதான் இந்தப் பெயரில் என்னை அசத்துகிற விஷயம்.

முதலில் கடல். இராமேசுவரத்திலிருந்து கன்னியாகுமரி வரை மன்னார் வளைகுடாவில், கரையிலிருந்து பத்து இருபது கிலோமீட்டர் தள்ளி, ஏறத்தாழ 12 முதல் 25 மீட்டர் ஆழத்தில் பாறைத் திட்டுகள் கிடக்கின்றன. கடலோரத்தார் இவற்றைப் 'பார்' என்பார்கள். முத்துச்சிப்பி அந்தப் பார்களில்தான் நூல் போன்ற இழைகளால் பாறையைப் பிடித்துக்கொண்டு கூட்டம் கூட்டமாக வாழும். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் உயிர் அது. 'பிங்க்டாடா ஃபுகாட்டா' என்பது அதன் அறிவியல் பெயர். ஜப்பானியர் 'அகோயா' என்று கொண்டாடும் சிப்பிக்கு நெருங்கிய சொந்தம்.

சுவாதி நட்சத்திரத்தில் பெய்யும் மழைத்துளி சிப்பிக்குள் விழுந்து முத்தாகிறது என்று நம் முன்னோர் நம்பினார்கள். மணல் துகள் உள்ளே போய் உறுத்துவதால் முத்து பிறக்கிறது என்று நம் பாடப்புத்தகக் காலத்தில் படித்தோம். இரண்டுமே சரியில்லை. சிப்பிக்குள் மணல் போவது அன்றாட நிகழ்ச்சி. அதை அது சுலபமாக வெளியே தள்ளிவிடும். சிப்பியின் உடலைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வின் வெளிப்புற உயிரணுக்கள்தான் ஓட்டைக் கட்டுகின்றன. ஒட்டுண்ணிப் புழு துளைத்தாலோ காயம் பட்டாலோ அந்த உயிரணுக்களில் சில, இருக்க வேண்டிய இடத்தை விட்டு உள்ளே உடற்சதைக்குள் தள்ளப்பட்டுவிடும். அங்கே அவை பெருகி ஒரு சிறு பையாகின்றன. இடம் மாறினாலும் தொழில் மாறுவதில்லை. ஓடு கட்டத் தெரிந்த உயிரணுக்கள் அந்தப் பைக்குள்ளும் ஓட்டுப் பொருளையே சுற்றிச் சுற்றிப் பூசுகின்றன. அப்படி உருண்டு வருவதுதான் முத்து.

1902-இல் ஹெர்ட்மன் என்ற ஸ்காட்லாந்து விலங்கியலாளர், இலங்கைப் பக்கத்து முத்துப் பார்களை ஆராய வந்தார். அவருடன் வந்த ஜேம்ஸ் ஹார்னெல் பின்னாளில் சென்னை மாகாண மீன்வளத் துறைக்கே இயக்குநரானவர். முத்தின் நடுவில் நாடாப்புழுவின் இளம்பருவம் சிறைப்பட்டிருப்பதாக இருவரும் எழுதினார்கள். முத்துக்குப் புழுதான் முக்கியக் காரணம் என்ற அவர்கள் முடிவு நிலைக்கவில்லை. ஆனால் ஏதோ ஒன்று அத்துமீறி நுழைந்ததால் சிப்பியின் உடல் காட்டும் எதிர்வினையே முத்து என்ற அடிப்படை நிலைத்துவிட்டது.

முத்தில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். சுண்ணாம்புக் கல்லும் அதே பொருள்தான். பிறகு ஏன் ஒன்று மின்னுகிறது, மற்றது மங்கிக் கிடக்கிறது? அடுக்கில்தான் இருக்கிறது வேறுபாடு. அரகோனைட் என்னும் படிகத் தகடுகளைச் செங்கல்போல அடுக்கி, இடையிடையே புரதத்தைச் சாந்துபோலப் பூசிக் கட்டுகிறது சிப்பி. ஒவ்வொரு தகடும் ஏறத்தாழ அரை மைக்ரான் கனம். ஒரு மில்லிமீட்டருக்குள் 2000 தகடுகள் வந்துவிடும். இந்தக் கனம் கண்ணுக்குத் தெரியும் ஒளியின் அலைநீளத்தோடு ஒத்துப்போகிறது. அதனால் ஒவ்வொரு அடுக்கிலிருந்தும் திரும்பும் ஒளி மற்றொன்றோடு கலந்து சில நிறங்களைக் கூட்டுகிறது, சிலவற்றைத் தணிக்கிறது. முத்தைத் திருப்பினால் உள்ளிருந்து இளஞ்சிவப்பும் பச்சையும் எழுவது இதனால்தான். அங்கே சாயம் எதுவும் கிடையாது.

பெயருக்குப் பொருத்தமான இன்னொரு செய்தி. முத்துச்சிப்பிகள் பெரும்பாலும் ஆணாகத்தான் முதிர்ச்சி அடைகின்றன. வயதும் உருவமும் கூடும்போது அவற்றில் பல பெண்ணாக மாறிவிடுகின்றன. முத்துக்குமாரையும் முத்துலட்சுமியையும் ஒரே சொல்லால் அழைத்த நம் ஊர்க்காரர்களுக்கு இது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. இருந்தாலும் பெயர் இயற்கையோடு பொருந்தித்தான் போயிருக்கிறது.

இனி காய்ச்சல். முத்துமாரி என்ற பெயர் கடலுக்குள்ளிருந்து வரவில்லை. பெரியம்மை கண்ட உடலில் எழுந்த கொப்புளங்களை 'முத்து' என்றார்கள். 'முத்துப் போட்டிருக்கு', 'முத்து இறங்கிருச்சு', 'தலைக்குத் தண்ணி ஊத்தியாச்சு' என்று வீட்டுக்குள் தாழ்ந்த குரலில் பேசிக்கொள்வார்கள். நோயின் பெயரை வாய்விட்டுச் சொல்ல அஞ்சிய காலம் அது. பெரியம்மை கண்டவர்களில் பத்துக்கு மூன்று பேரை அது கொண்டுபோனது. வேப்பிலைப் படுக்கையிலிருந்து எழுந்து வந்த குழந்தைக்கும், அம்மனிடம் வேண்டிப் பெற்ற பிள்ளைக்கும் முத்துமாரி என்று பெயரிட்டார்கள்.

அந்தக் கொப்புளம் எப்படி உண்டாகிறது? வைரஸ் தோலின் உயிரணுக்களுக்குள் நுழைந்து பெருகும். உயிரணுக்கள் வீங்கி உடையும். அந்த இடத்தில் நீர் கோக்கும். இரத்தத்தின் வெள்ளணுக்கள் அங்கே குவிய, நீர் தடித்து, உருண்டு, தோலில் பதித்து வைத்தாற்போல வெண்மையாகத் திரளும். அத்துமீறி நுழைந்த ஒன்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை அதுவும். உருவத்தை மட்டும் பார்த்துத்தான் முத்து என்றார்கள். நம் தோலிலும் சிப்பியின் சதையிலும் தொடக்கம் ஒரே மாதிரி இருக்கிறது. 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை இல்லை. அந்தப் பெயர்களைச் சுமக்கும் பெண்கள் மட்டும் இருக்கிறார்கள்.

'பெண் தன் வலியையெல்லாம் முத்தாக்குகிறாள்' என்று மேடையில் பேசுவது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. சிப்பி வலியை எதுவாகவும் ஆக்குவதில்லை. இடம் மாறிய உயிரணுக்கள் தமக்குத் தெரிந்த வேலையைத் தொடர்கின்றன, அவ்வளவுதான். இந்தப் பெயரைத் தாங்கிய பெண்களையும் அவர்கள் செய்த வேலையை வைத்துப் பார்ப்பதே முறை.

இராமநாதபுரத்தை ஆண்ட சேதுபதிகளுக்கு முத்துக்குளிப்பில் உரிமையும் பங்கும் இருந்தன. அந்த அரண்மனைப் பெயர்களிலும் முத்து நிறைந்திருக்கிறது. பின்னாளில் சிவகங்கை அரசியான வேலு நாச்சியாரின் தந்தை செல்லமுத்து விசயரகுநாத சேதுபதி, தாய் சக்கந்தி முத்தாத்தாள் நாச்சியார். 1772-இல் ஆற்காட்டு நவாபின் படையும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையும் சேர்ந்து இராமநாதபுரம் கோட்டையைப் பிடித்தபோது, சிறுவனாயிருந்த முத்துராமலிங்க சேதுபதிக்காக ஆட்சியை நடத்திவந்தவர் அவருடைய தாய் முத்து திருவாயி நாச்சியார். அவரைப் பிள்ளைகளோடு சிறைபிடித்துத் திருச்சிக்குக் கொண்டுபோனார்கள். வேலு நாச்சியாரைப் பற்றி நாம் பேசும் அளவில் பத்தில் ஒரு பங்குகூட இவரைப் பற்றிப் பேசுவதில்லை. அது குறைதான்.

வடக்கே சற்றுத் தள்ளிப் புதுக்கோட்டையில் 1886-இல் பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, சென்னைச் சட்டமன்றத்தில் அமர்ந்து, தேவதாசி முறைக்கு எதிராக வாதாடியவர். தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர், 1954-இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனை செயல்படும்வரை ஓயவில்லை. அவர் பொதுவாழ்வுக்கு வரத் துணைநின்றது இந்திய மாதர் சங்கம். 1917-இல் அடையாற்றில் அதைத் தொடங்கியவர்களில் அயர்லாந்துப் பெண்மணி மார்கரெட் கசின்ஸ் முக்கியமானவர். மார்கரெட் என்றாலும் முத்துதான். கிரேக்கத்திலிருந்து வந்த பெயர். பாம்பன், தங்கச்சிமடம் பக்கத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களில் மார்கரெட்டும், அடுத்த தெருவில் முத்தம்மாளும் ஒரே பெயரைத்தான் சுமக்கிறார்கள். குடகில் முத்தம்மா என்பார்கள். இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் பெண் சி. பி. முத்தம்மா அங்கேதான் பிறந்தார். பெண் என்பதால் பதவி உயர்வு மறுக்கப்பட்டபோது உச்ச நீதிமன்றம் சென்று, 1979-இல் அரசின் விதிகளையே அந்த நீதிமன்றம் கண்டிக்கச் செய்தவர்.

ஆனால் நம் கடலில் முத்தெடுத்தவர்கள் ஆண்கள். காலில் குளிக்கல்லைக் கட்டிக்கொண்டு மூச்சடக்கி இறங்கியவரும் ஆண், தோணியில் நின்று கயிற்றைப் பிடித்த மண்டாடியும் ஆண். அந்தக் கயிற்றை மனைவியின் உடன்பிறந்தானிடம்தான் கொடுப்பார்கள், அக்காள் தங்கையின் தாலி அவன் கையில் இருக்கிறது என்பதால் கை நழுவாது என்று கடலோரத்தில் சொல்வார்கள். சுறாவை மந்திரத்தால் கட்டுவதாகச் சொன்ன 'கடல்கட்டி'களும் ஆண்களே. கரைக்கு வந்த முத்துகளைப் பித்தளைச் சல்லடைகளில் சலித்தார்கள். முதல் சல்லடையில் 20 துளை, கடைசிச் சல்லடையில் 1000 துளை. சல்லடையில் தங்கும் அளவையும் உருட்சியையும் நிறத்தையும் பார்த்து ஆணி, அணதாரி, கையேறல், வடிவு, குறவல், தூள் என்று தரம் பிரித்தார்கள். வடிவு என்ற பெயரோடு எத்தனை அத்தைமார் நம் ஊர்களில் இருக்கிறார்கள்! பெண் கடலுக்குள் இறங்கவில்லை. அவள் பெயர் மட்டும் இறங்கி ஏறியது.

ஜப்பானில் இது தலைகீழ். அங்கே மூச்சடக்கி மூழ்கியவர்கள் பெரும்பாலும் பெண்கள். 'அமா' என்று பெயர். மியே மாவட்டத்துக் கடலோரத்தில் இன்றும் மூழ்குகிறார்கள். முத்தைச் சிப்பிக்குள் மனிதரே விதைத்து வளர்க்கும் வித்தை அந்தக் கடலோரத்தில்தான் கைகூடியது. 1893 ஜூலையில் மிகிமோட்டோ கோகிச்சியும் அவர் மனைவி உமேயும் வளர்ப்புச் சிப்பிக்குள் அரைவட்ட முத்தைக் கண்டார்கள். உமே என்றால் அங்கே குளிர் விலகும்முன் பூக்கும் பிளம் மலர். அதே பெயரோடு 1864-இல் பிறந்த ட்சுடா உமேகோ, குழந்தைப் பருவத்திலேயே அமெரிக்காவுக்குப் படிக்க அனுப்பப்பட்டு, 1900-இல் தோக்கியோவில் பெண்கள் கல்லூரி தொடங்கியவர். 2024 முதல் 5000 யென் நோட்டில் இருப்பது அவர் முகம். மிகிமோட்டோவின் உமேயோ 1896-இலேயே இறந்துவிட்டார். உலகம் கணவர் பெயரைத்தான் வைத்துக்கொண்டது.

உருண்டை முத்து வளர்ப்பில் நடப்பது மேலே சொன்ன அதே விபத்துதான், திட்டமிட்டுச் செய்யப்படுகிறது. ஒரு சிப்பியின் சவ்வில் சிறு துண்டு வெட்டி, ஓட்டில் கடைந்த மணியோடு சேர்த்து, இன்னொரு சிப்பியின் உடலுக்குள் வைக்கிறார்கள். துண்டின் உயிரணுக்கள் மணியைச் சுற்றிப் பையாகிப் பூசத் தொடங்கும். இந்தியாவில் 1973-இல், தூத்துக்குடிக்கு வடக்கே வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சாமி இதைச் சாதித்தார். அந்த நிறுவனத்தின் தலைமையகம் 1949 முதல் 1971 வரை இராமநாதபுரம் மாவட்டத்து மண்டபம் முகாமில்தான் இருந்தது.

இயற்கை முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுவிட்டது. பார்கள் எப்போதுமே சில ஆண்டு நிறைந்தும் பல ஆண்டு வெறுமையாகவும் இருப்பவை. இந்த முறை வெறுமை நீண்டுவிட்டது. இப்போது அந்தக் கடலில் மூழ்குபவர்களில் பெண்கள் இருக்கிறார்கள், பாசிக்காக. பாம்பனை அடுத்த சின்னப்பாலம் போன்ற ஊர்ப் பெண்கள் கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றி, ஒரே மூச்சில் இறங்கி மரிக்கொழுந்துப் பாசியைப் பறிக்கிறார்கள். அகர் என்னும் கூழ்ப்பொருள் அதிலிருந்துதான் வருகிறது. தீவுகளைச் சுற்றியுள்ள கடல் 1986-இல் தேசியப் பூங்காவானதும் அவர்கள் பிழைப்பு சிக்கலானது. பேசிப் பேசி, தாங்களே நாள் கணக்கு வைத்து அளவோடு பறிப்பது என்று கட்டுப்பாடு வகுத்துக்கொண்டார்கள். அதற்காக அவர்களில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் சீகாலஜி விருது அமெரிக்காவில் வழங்கப்பட்டது.

முத்துப்பேச்சி, முத்துக்கண்ணு என்று இப்போது யாரும் பிள்ளைகளுக்குப் பெயர் வைப்பதில்லை. உங்கள் வீட்டில் முத்து என்று தொடங்கும் பெயரோடு ஒரு பாட்டி இருந்தால், அந்தப் பெயரை யார் வைத்தார்கள், கடலுக்காகவா, அம்மைக்காகவா, அரண்மனைக்காகவா, வேறு யாருடைய நினைவாகவா என்று அவரிடமே கேட்டு எழுதி வையுங்கள். அதைச் சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள் மட்டும்தான்.