மாரியில் ஆட்டுக்குப் போர்வை வேண்டுமா?

2022ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் திகதி இரவு, மாண்டஸ் புயல் தமிழ்நாட்டின் மாமல்லபுரத்துக்கு அருகே கரையைக் கடந்தது. எங்கள் பக்கம் அது நேரடியாக வரவில்லை. ஆயினும் அந்த ஓரிரு நாட்களில் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் இறந்தன. நோய் எதுவும் பரவவில்லை. மழையோடு வந்த கடுங்குளிரே காரணம் என்று அதிகாரிகள் அறிவித்தனர். ஆடு, மாட்டை நம்பியே அடுப்பெரிக்கும் பல குடும்பங்கள் அன்று வெறுங்கையோடு நின்றன.

அதன் பின்னர் ஒவ்வொரு மாரிக்கும் மாதர் சங்கக் கூட்டங்களில் ஒரு கேள்வி எழுகின்றது. “ஆட்டின் மயிரை வெட்டிவிடலாமா? சாக்கால் போர்த்தலாமா?” கணவனை இழந்தோ, காணாமற்போனவரைத் தேடிக்கொண்டோ தனியாகக் குடும்பத்தைச் சுமக்கும் சகோதரிக்கு இரண்டு மறியாடு என்பது பிள்ளையின் பாடசாலைச் செலவு, சுழற்சிக் கடனின் தவணை, அவசரத்துக்கு உதவும் உண்டியல். ஆகவே இதை ஆற அமர யோசித்துத் தீர்மானிப்போம்.

மயிர் செய்யும் வேலை

குளிர் நாடுகளில் குதிரை வளர்ப்போருக்கும் இதே கேள்வி உண்டு. பனிக்காலத்தில் குதிரைக்கு அடர்ந்த மயிர் வளரும். கடுமையாக வேலை வாங்கும் குதிரை அந்த மயிருக்குள் வியர்த்து நனைந்தால் இலகுவில் காயாது, குளிர் பிடித்துவிடும். அதனால் மயிரைக் கத்தரிக்கின்றார்கள். கத்தரித்த குதிரைக்குக் கட்டாயம் போர்வை போடுகின்றார்கள். வேலை செய்யாமல் வெளியில் மேயும் குதிரையைப் பெரும்பாலும் அதன் மயிரோடேயே விட்டுவிடுகின்றார்கள். எங்கள் நெடுந்தீவில் காடாய்த் திரியும் குதிரைகளும் எந்தப் போர்வையும் இல்லாமல்தான் வாழ்கின்றன.

இதில் எங்களுக்கு ஒரு பாடம் உண்டு. மயிர் தானாகச் சூடு தருவதில்லை. மயிர்களுக்கிடையே அடைபட்டிருக்கும் காற்றே உடற்சூட்டை வெளியே போகவிடாமல் காக்கின்றது. மயிர் நனைந்து ஒட்டிக்கொண்டால் அந்தக் காற்று போய்விடும். நனைந்த உடலில் வாடைக்காற்று படும்போது சூடு விரைவாக இறங்கும். வயிறும் வெறுமையாக இருந்தால் இழந்த சூட்டை ஈடுசெய்ய வழியில்லை. ஈரம், காற்று, பசி ஆகிய மூன்றும் ஒன்று சேர்வதுதான் ஆபத்து. 2022இல் உறைபனி விழவில்லை. காலபோகத்தில் வயல்கள் விதைக்கப்பட்டிருக்கும்போது மாடுகளைத் தூர வெளிகளுக்குச் சாய்த்துவிடுவது எங்கள் வழக்கம். அங்கே மறைப்புமில்லை, போதிய தீனுமில்லை. மெலிந்த மாடு அப்படிப்பட்ட இரவைத் தாங்காது.

கத்தரிக்கலாமா?

மாரிக்கு முன் ஆட்டின் உடல் மயிரைக் கத்தரிக்க வேண்டாம். எங்கள் ஆடுகள் வெயிலுக்குப் பழகியவை. அவற்றின் மயிர் குட்டையானது. அதையும் வெட்டினால் இருக்கின்ற சிறு காவலும் போய்விடும். உண்ணி, பேன் பிடித்திருந்தால் மிருக வைத்தியரிடம் மருந்து கேளுங்கள்.

ஒரு விதிவிலக்கு உண்டு. ஜமுனாபாரி கலப்பு ஆடுகளுக்குப் பின்னந்தொடையில் நீண்ட மயிர் தொங்கும். மழைக்காலத்தில் சேறும் புழுக்கையும் அதில் ஒட்டி, ஈ மொய்த்துப் புண்ணாகும். அந்த இடத்தையும் மடியைச் சுற்றியுள்ள மயிரையும் மட்டும் கத்தரியுங்கள். குட்டிக்கும் பால் குடிக்க இலகுவாக இருக்கும்.

போர்த்தலாமா?

நல்ல உடம்போடு, நனையாத கொட்டிலில் நிற்கும் பெரிய ஆட்டுக்குப் போர்வை தேவையில்லை. மற்ற ஆடுகள் அதைக் கடித்து இழுக்கும். கால் சிக்கி விழவும் கூடும். போர்வை வேண்டியவை பிறந்து மூன்று வாரத்துக்குட்பட்ட குட்டிகள், நோயிலிருந்து தேறும் ஆடுகள், மிகவும் மெலிந்தவை, வயது போனவை.

பழைய சணற்சாக்கு, கிழிந்த சாரம், பிள்ளையின் பழைய சுவெட்டர் எதுவும் உதவும். சுவெட்டரின் கையை வெட்டிக் கால்களுக்குத் துவாரம் விட்டால் சிறு குட்டிக்கு அளவான சட்டையாகிவிடும். சாக்கானால் முதுகை மூடி, வயிற்றுக்குக் கீழே தளர்வாகக் கட்டுங்கள். கழுத்தில் இறுக்காதீர்கள். உரப்பை வேண்டாம்; உள்ளே வியர்த்து ஈரமாகும்.

மிக முக்கியமானது, நனைந்த சாக்கு சாக்கில்லாததைவிட மோசம் என்பதே. காலையும் மாலையும் கையை உள்ளே விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் உடனே கழற்றி, ஆட்டைத் துடைத்து, காய்ந்ததை மாற்றுங்கள். ஒரு குட்டிக்கு இரண்டு சாக்காவது வேண்டும். வெயில் எறித்தால் கழற்றிவிடுங்கள்.

குட்டி விறைத்துவிட்டால்

ஆட்டின் இயல்பான உடற்சூடு ஏறத்தாழ 38.5 முதல் 40 பாகை செல்சியஸ். குட்டியின் வாய்க்குள் விரலை வைத்துப் பாருங்கள். வாய் குளிர்ந்து, விரலைச் சப்பாமல், முதுகைக் கூனி நின்றால் அது விறைக்கத் தொடங்கிவிட்டது. முதலில் துணியால் நன்றாகத் தேய்த்து உலர்த்துங்கள். வெந்நீர் நிரப்பிய போத்தலைத் துணியில் சுற்றி அதன் அருகில் வையுங்கள். உடல் சூடேறித் தலையை நிமிர்த்தும்வரை வாயில் பால் ஊற்றாதீர்கள். விழுங்க முடியாத குட்டிக்குப் பால் சுவாசப்பைக்குள் போய்விடும்.

பிறந்த குட்டிக்குக் கடும்புப்பாலே முதல் போர்வை. பிறந்து ஒரு மணித்தியாலத்துக்குள் குடிக்கச் செய்யுங்கள். 2 கிலோ நிறையுள்ள குட்டிக்கு முதல் நாளில் குறைந்தது 200 மில்லிலீற்றராவது, பலமுறை பிரித்துக் கிடைக்க வேண்டும்.

கொட்டிலும் தீனும்

போர்வைக்குச் செலவிடும் நேரத்தைக் கொட்டிலுக்குச் செலவிட்டால் பலன் கூடும். வாடை வடகிழக்கிலிருந்து வருவதால் வடக்கு, கிழக்குப் பக்கங்களைக் கிடுகாலோ பனையோலையாலோ தறப்பாளாலோ மறையுங்கள். மற்றப் பக்கங்களில் மேலே காற்றோட்டம் இருக்கட்டும்; முழுவதும் அடைத்தால் மூத்திர வாடையில் சளி பிடிக்கும். தரையில் தண்ணீர் தேங்கும் காணியென்றால் பனஞ்சலாகையால் பரண் அடித்து ஆட்டை உயரத்தில் கட்டுங்கள்.

அசைபோடும் விலங்கின் வயிற்றில் நார்த்தீன் புளித்துச் செரிக்கும்போது சூடு உண்டாகின்றது. ஆகவே மழை நாளில் தவிட்டுத் தண்ணீர் மட்டும் போதாது. பூவரசு, கிளுவை, சீமைக்கிளுவைக் குழைகளை முதல் நாளே வெட்டி வாடவிட்டுக் கொடுங்கள். புரட்டாதியிலேயே கொஞ்ச வைக்கோலை நனையாமல் கட்டி வையுங்கள்.

எங்கள் தெருக்களின் கழுதைகள்

மன்னார் நகரில் சொந்தக்காரரின்றித் திரியும் கழுதைகள் மழை தொடங்கியதும் கடை விறாந்தைகளில் வந்து நிற்கும். பலர் தடியெடுத்து விரட்டுவார்கள். கழுதை வறண்ட நிலத்து விலங்கு. குதிரைக்கு வளர்வதுபோல் அதற்குக் குளிர்கால மயிர் அடர்ந்து வளர்வதில்லை என்று 2018இல் இங்கிலாந்தில் வெளியான ஆய்வொன்று கூறுகின்றது. மழை அதன் தோல்வரை இறங்கும். போர்வை போட எங்களால் முடியாவிட்டாலும், ஓர் இரவு ஒதுங்க விடலாம். தறப்பாளுக்குக் கீழே பல மாரிகளைக் கழித்த எங்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை.

கேட்க வேண்டியதைக் கேட்போம்

சில வாழ்வாதாரத் திட்டங்களில், ஆண்டு முடிவதற்குள் நிதியைச் செலவிட வேண்டும் என்பதற்காக நவம்பரிலும் டிசம்பரிலும் ஆடு பகிரப்படுகின்றது. வேறிடத்திலிருந்து லொறியில் களைத்து வரும் ஆடு, கொட்டிலில்லாத வீட்டில், கொட்டும் மழையில் இறக்கப்படுகின்றது. அது இறந்தால் “பயனாளி பராமரிக்கவில்லை” என்று எழுதப்படுகின்றது. கடன் மட்டும் அவள் பெயரில் நிற்கின்றது.

1990இல் வெளியேற்றப்பட்டு முசலிக்குத் திரும்பிய சகோதரியானாலும், போர் முடிந்து மாந்தை மேற்கில் மீளக்குடியேறிய சகோதரியானாலும், தருவதை வாங்கிக்கொள்ளும் நிலையிலேயே நீண்ட காலம் இருந்துவிட்டோம். நேரத்தையும் முறையையும் கேட்பது நன்றிகெட்டதனம் அல்ல. “முதலில் கொட்டில், பிறகு ஆடு, மாரி கழிந்து மாசி, பங்குனியில் தாருங்கள்” என்று சங்கக் கூட்டத்தில் தீர்மானம் எடுத்து, கிராம அலுவலர் ஊடாகவும் கால்நடை வைத்திய அலுவலகம் ஊடாகவும் எழுத்தில் கொடுங்கள். கடிதத்தின் பிரதி ஒன்றைச் சங்கக் கோவையில் வைத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழைக்கு முன் நடக்கும் கூட்டத்தில் யாருடைய கொட்டில் ஒழுகுகின்றது என்று எண்ணிப் பார்த்து, ஒழுகும் கூரையை நான்கு பேர் சேர்ந்து ஒரு நாளில் வேய்ந்துவிடுங்கள்.