பிகினி புராணம்

ஜொள்ளு விட ஓடி வந்தவங்க அப்படியே திரும்பிப் போயிடலாம். படமெல்லாம் கிடையாது :-)

சிட்னியில கோடை வந்தா துணிக்கடையில ஒரு சுவர் முழுக்க பிகினிதான். படிக்க வந்த புதுசுல எல்லாமே ஒண்ணு மாதிரிதான் தெரிஞ்சுது. அடையாளம் கண்டுபிடிக்கறது சுலபம் மக்கா. மேல்துண்டை எது தாங்குதுன்னு பாருங்க. கழுத்துக்குப் பின்னாடி முடிச்சா? ஹால்டர். தோள்பட்டையே இல்லாம மார்பைச் சுத்தி ஒரே பட்டையா? பாண்டோ. ரெண்டு முக்கோணத்தை ஒரு கயிறு இணைச்சா ட்ரையாங்கிள். இடுப்புலயும் ரெண்டு பக்கம் கயிறுதான்னா ஸ்ட்ரிங். மேல்துண்டு பனியன் மாதிரி இறங்கி வயித்தை மூடினா டாங்கினி. அவ்ளோதான்.

இப்போ கதை. பாரீஸ்ல லூயி ரேயார்னு ஒரு கார் இஞ்சினியர். அம்மாவோட உள்ளாடை வியாபாரத்தைப் பாத்துக்கிட்டிருந்தவர். 1946 ஜூலை 5 அன்னிக்கு மொலிதோர் நீச்சல்குளத்துல இதை அறிமுகப்படுத்தினார். போட்டுக் காட்டியது மிஷெலின் பெர்னார்டினி என்ற நடனப்பெண். ரெண்டு துண்டு நீச்சலுடை அதுக்கு முன்னாடியே உண்டு. தொப்புள் வெளியே தெரிஞ்சதுதான் புதுசு.

பேர் மட்டும் சுட்டது. நாலு நாள் முன்னாடிதான் பசிபிக்ல பிகினி தீவுல அமெரிக்கா அணுகுண்டைச் சோதிச்சிருந்தது. அந்த ஊர் ஜனங்க 167 பேரை அதுக்காக மார்ச் மாசமே கிளப்பி அனுப்பிட்டாங்க. கதிர்வீச்சால அவங்க ஊர் திரும்பி நிரந்தரமா வாழ முடியாமலே போச்சு. தீவோட பேர்ல இருக்கற 'பி'க்கு ரெண்டுன்னு அர்த்தமே இல்லை. ஆனா 1964ல ரூடி கெர்ன்ரைக் ஒத்தைத் துண்டுக்கு மோனோகினின்னு பேர் வெச்சார். அப்புறம் டாங்கினி, ட்ரைகினின்னு வால் மட்டும் ஒட்டிக்கிட்டே வருது.

எனக்கு உறைச்சது வேற விஷயம். 1950களில் இதே சிட்னி பாண்டை கடற்கரையில பீச் இன்ஸ்பெக்டர்கள் இருந்தாங்க. பிகினி போட்ட பொண்ணுங்களைக் கடற்கரையை விட்டே வெளியே அனுப்பினாங்க. குற்றம்: துணி பத்தலை.

2004ல இதே சிட்னியில அஹேதா ஸனெட்டி, தலையும் கைகாலும் மூடற புர்கினியை உருவாக்கினார். 2016ல பிரான்ஸ்ல பல ஊர்கள் அதைக் கடற்கரையில தடை செஞ்சுது. அந்த நாட்டு உச்ச நிர்வாக நீதிமன்றம் தலையிட்டு ஒரு ஊரோட தடையை நிறுத்தி வெச்சுது. 2021ல நார்வே பெண்கள் பீச் ஹேண்ட்பால் அணி, பிகினி கீழ்த்துண்டுக்குப் பதிலா ஷார்ட்ஸ் போட்டு ஆடினதுக்கு 1500 யூரோ அபராதம். ஊரே சிரிச்ச பிறகு விதியை மாத்தினாங்க. இங்கே குற்றம்: துணி ஜாஸ்தி!

துணியோட அளவு மாறிக்கிட்டே இருக்கு. டேப்பைக் கையில வெச்சிருக்கறது மட்டும் எப்பவும் வேற யாரோ. குளிக்கப் போறவளை ஒரு வார்த்தை கேட்டா என்னவாம்?