செய்திக்கும் ஓர் அறிவிப்பாளர் வரிசை வேண்டும்

புதுக்குடியிருப்புச் சந்தியில் ஒரு முற்பகல். மோட்டார் சைக்கிளில் புடைவை கட்டி வந்து விற்கும் நம்மவர் ஒருவருக்கும் உள்ளூர் வாடிக்கையாளர் ஒருவருக்கும் கடன் பாக்கி தொடர்பில் வாய்த்தர்க்கம். ஒருவர் மற்றவரைத் தள்ளிவிட்டார். இருவரும் பொலிஸுக்குப் போய், பேசித் தீர்த்துக்கொண்டு, ளுஹருக்கு முன்னரே திரும்பிவிட்டார்கள். நான் அதை ஐந்து வரியில் எழுதி, நம் சமூகத்தின் செய்தித் தளமொன்றுக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினேன். சமரசமானது ஐந்தாவது வரியில் இருந்தது.

வெளிவந்த தலைப்பு: 'புதுக்குடியிருப்பில் முஸ்லிம் வியாபாரி மீது தாக்குதல் – பதற்றம்!'

பதற்றம் என்ற சொல்லை நான் எழுதவில்லை. அஸருக்குள் அந்தத் தலைப்பு முகநூலெங்கும் போய்விட்டது. மாலையில் அந்த வியாபாரியே எனக்குத் தொலைபேசி எடுத்தார். "நானா, இனி நான் அந்த ஊருக்குள்ள எப்படிப் போறது?"

1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்டு, யுத்தம் முடிந்த பிறகு நீராவிப்பிட்டி, ஹிஜ்ராபுரம் பக்கம் திரும்பி வந்து குடியேறிய குடும்பங்களும் அயல் கிராமங்களில் தமிழ் மக்களோடுதான் வாழ்கின்றன. கொழும்பிலிருந்து போடப்படும் ஒரு தலைப்பின் விலையை அவர்களே கொடுக்கிறார்கள்.

தவறு எங்கே நடந்தது என்று பின்னர் விசாரித்தேன். யாரும் பொய் சொல்லியிருக்கவில்லை. என் செய்தியைப் பெற்றவர் நீளம் கருதி கடைசி இரண்டு வரிகளை வெட்டியிருக்கிறார். அடுத்தவர் மீதி மூன்று வரிகளை மட்டும் பார்த்துத் தலைப்பிட்டிருக்கிறார். மூன்றாமவர் தலைப்பை மட்டும் பார்த்து முகநூலுக்குப் படம் செய்திருக்கிறார். ஒவ்வொருவரும் தன் வேலையைச் செய்து முடித்தார். கைமாறும்போது 'யார் சொன்னது, எந்த அளவுக்குத் தெரியும்' என்பது மட்டும் விழுந்துவிட்டது.

ஹதீஸ் கலையைக் கொஞ்சம் படித்தவர்களுக்கு இந்த நோய் புதிதல்ல. செய்தியோடு அறிவிப்பாளர் வரிசையும் சேர்ந்தே பயணிக்க வேண்டும், இடையில் ஒரு கண்ணி அறுந்தாலும் அது தெரியவேண்டும் என்பதற்காகத்தானே முஹத்திஸ்கள் அவ்வளவு பாடுபட்டார்கள்? நமது செய்தித் தளங்களில் அந்த ஒழுங்கைக் காண்பது அரிது.

அந்த வரிசையின் பெறுமதியைப் புதுக்குடியிருப்பே ஒருமுறை காட்டியது. 2009 பெப்ரவரி தொடக்கத்தில் இங்குள்ள வைத்தியசாலை எறிகணை வீச்சுக்கு இலக்கானது. சுயாதீன ஊடகவியலாளர் எவரும் யுத்த வலயத்துக்குள் அனுமதிக்கப்படவில்லை. உள்ளே இருந்த சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் தாக்குதலை வெளிப்படையாக அறிவித்தது. இராணுவம் தான் அதைச் செய்யவில்லை என்றது. யார் சொன்னது, சொன்னவர் அங்கே இருந்தாரா என்பதைத் தவிர வாசகனுக்கு அன்று வேறு பிடிமானம் கிடையாது. யுத்தம் முடிந்த பின், வன்னியில் பணியாற்றிய அரசாங்க வைத்தியர்கள் தடுப்புக்காவலில் இருந்தபடியே 2009 ஜூலையில் கொழும்பில் ஊடகவியலாளர் முன் நிறுத்தப்பட்டு, முன்னர் தாம் சொன்ன எண்ணிக்கைகளை மறுத்தார்கள். முதல் செய்தியில் 'வைத்தியர் இன்னார் தொலைபேசியில் கூறினார்' என்று எழுதிய பத்திரிகைகளால் இரண்டு கூற்றுகளையும், அவை எந்தச் சூழலில் சொல்லப்பட்டன என்பதையும் அருகருகே வைத்துக் காட்ட முடிந்தது. வெறும் எண்ணிக்கையை மட்டும் எழுதியவர்களிடம் ஒப்பிடுவதற்கு எதுவுமே மிஞ்சவில்லை.

இதற்கு நேர்மாறானதை நாமே அனுபவித்தோம். 2019 மே 23இல் 'திவயின' பத்திரிகை, ஒரு முஸ்லிம் வைத்தியர் 4,000 சிங்களத் தாய்மாருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்ததாக முதற்பக்கத்தில் எழுதியது. அடுத்த ஓரிரு நாளில் குருநாகல் டாக்டர் ஷாபி கைதானார். குற்றப் புலனாய்வுத் திணைக்களம் ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்று நீதிமன்றத்துக்கு அறிவித்து, அவர் பிணையில் வெளிவர ஜூலை ஆகிவிட்டது. அந்தப் பத்திரிகையை நாம் கண்டித்தோம், நியாயம்தான். ஆனால் என் ஐந்து வரிக்கு நம் தளத்தில் நடந்ததும் அதே பாதையில்தான் நடந்தது. அளவுதான் சிறியது.

மூன்று பேர் மட்டும் வேலை செய்யும் தளத்தில் என்ன செய்யலாம்? பெரிய மென்பொருள் எதுவும் வேண்டாம். ஒவ்வொரு செய்தியின் தலையிலும் ஒரு வரி இருக்கட்டும்: யார் சொன்னார், செய்தியாளர் நேரில் கண்டாரா, எத்தனை மணிக்கு, மறுதரப்பிடம் கேட்டாயிற்றா. வாசகனுக்குக் காட்ட வேண்டியதில்லை, ஆனால் செய்தி எந்தக் கைக்குப் போனாலும் அந்த வரி கூடவே போகவேண்டும். தலைப்பிட்டவரே பிரசுரிக்கவும் கூடாது. இனம், மதம் சம்பந்தப்பட்ட செய்தியென்றால் தலைப்பை எழுதியதும் அனுப்பிய செய்தியாளருக்கு அழைத்து வாசித்துக் காட்டுங்கள். எனக்கு அப்படி ஓர் அழைப்பு வந்திருந்தால், 'பதற்றம்' அங்கேயே செத்திருக்கும். இரண்டு நிமிட வேலை. "அதற்குள் மற்றத் தளம் போட்டுவிடுமே" என்பார்கள். போடட்டும்.

இதில் எவரும் பேசாத ஒன்று பணம். பிராந்திய செய்தியாளருக்குப் பெரும்பாலும் வெளியான செய்திக்கு மட்டுமே கொடுப்பனவு. ஒட்டுசுட்டான் வரை போய், பொலிஸிலும் கேட்டு, 'இது வெறும் வதந்தி' என்று கண்டுபிடித்தால் அவருக்குக் கிடைப்பது பெற்றோல் செலவு நட்டம். வதந்தியை அப்படியே அனுப்பினால் காசு. இந்தக் கணக்கை வைத்துக்கொண்டு செய்தியாளரிடம் பொறுப்பை எதிர்பார்க்க முடியாது. விசாரித்துக் கைவிட்ட செய்திக்கும் கொடுப்பனவு வேண்டும். மற்ற எந்தச் சீர்திருத்தத்துக்கும் முன் நான் இதையே கேட்பேன்.

என் செய்தியின் தலைப்பை அன்றிரவே மாற்றினார்கள். மாற்றியதாக எங்கும் ஒரு வரி எழுதவில்லை. பழைய தலைப்போடு செய்த அந்தப் படம் சில மாதங்களுக்குப் பிறகு, புதிய சம்பவம் என்ற பெயரில், எனக்கே ஒரு வட்ஸ்அப் குழுவில் வந்து சேர்ந்தது.