மெலிவும் வலிவும்

'இளைத்தல்' என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இரு பொருள்கள் உண்டு. உடல் சிறுத்தல் ஒன்று. களைத்துச் சோர்தல் மற்றொன்று. 'மெலிதல்' என்பதும் அத்தகையதே. மெலிந்தவன் என்றால் உடல் ஒடுங்கியவன் என்றும் கொள்ளலாம்; வலிமை இழந்தவன் என்றும் கொள்ளலாம். நூலோர் 'மெலியார்' என்று வழங்குமிடத்து வலிமையற்றோரையே கருதினர். பருத்த உடல் சிறுக்கும்பொழுது அதனுடன் வலிமையும் குறைவதை நம் முன்னோர் கண்டனர் போலும். ஆதலின் இரண்டையும் ஒரு சொல்லாற் சுட்டினர். உடல் சிறுக்க வேண்டும், வலிமையோ குறையலாகாது. இவ்வாறு இரண்டையும் பிரிக்க இயலுமா? இயலும் என்பதும், அதற்குரிய வழி பளு தூக்கும் பயிற்சி என்பதும் இக்கால உடலியல் அறிஞர் கண்ட முடிபு.

தன் கதையைப் பாடத்திற் கூறுதல் மரபன்று. எனினும் இப்பொருளை யான் ஏட்டிற் கற்பதற்கு முன்னரே உடம்பிற் கற்றேனாதலின், சில சொற்கள் கூறுவேன். ஆசிரியப் பணியினின்று ஓய்வு பெற்றபின் என் எடை 84 கிலோவாக உயர்ந்தது. நாள்தோறும் நடந்து செல்லப் பள்ளி இல்லை. ஏடும் நாற்காலியுமே துணை. அரைஞாண் கயிற்றை இருமுறை தளர்த்திக் கட்டினேன். எடையைக் குறைக்குமாறு மருத்துவர் கூறினார். யான் இரவுணவை அறவே விட்டேன். பகலிலும் கஞ்சியும் ஊறுகாயுமாக நாட்களைக் கழித்தேன். நான்கு திங்களில் 9 கிலோ குறைந்தது. கண்டோர் வியந்தனர், யானும் மகிழ்ந்தேன்.

அம்மகிழ்ச்சி ஒரு கோயில் மண்டபத்தில் முடிவுற்றது. சொற்பொழிவு கேட்கத் தரையில் அமர்ந்திருந்த யான், அது முடிந்தபின் எழ முயன்றேன், எழ இயலவில்லை. கால்கள் என் சொற்கேளாவாயின. பக்கத்திலிருந்த சிறுவன் ஒருவன், "தாத்தா, என் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்" என்று கூறித் தூக்கிவிட்டான். 84 கிலோவாக இருந்தபொழுது எவர் துணையுமின்றி எழுந்தவன், 75 கிலோ ஆனபின் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் கையை நாடினேன். இதனைக் கேட்ட மருத்துவர், "ஐயா, நீங்கள் கொழுப்பை மட்டும் குறைக்கவில்லை, தசையையும் சேர்த்துக் குறைத்துவிட்டீர்கள்" என்றார்.

இது நிகழும் முறையை அறிதல் வேண்டும். உணவின் ஆற்றலைக் கலோரி என்னும் அளவையாற் கணக்கிடுவர். செலவினும் வரவு மிகுந்தால், மிகுதியை உடல் கொழுப்பாக்கிச் சேமிக்கும். ஒரு கிலோ உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியிருக்கும். உணவு குறையுங்கால் உடல் அச்சேமிப்பை எடுத்துச் செலவிடும். ஆனால் அதனை மட்டும் எடுப்பதில்லை; தசையிலுள்ள புரதத்தையும் கரைத்து எடுக்கும். பயிற்சியின்றி உணவைக் குறைத்தே இளைத்தவரிடம், குறைந்த எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு கொழுப்பல்லாத பகுதியாக இருப்பதுண்டு. முற்றத்தில் விறகு அடுக்கியிருக்கவும், கூரையின் கைமரத்தைப் பிடுங்கி அடுப்பெரிப்பவன் செயலை ஒத்தது இது.

அங்ஙனமாயின் உடல் அறிவற்றதோ எனின், அன்று. தசை உயிருள்ள பொருள். அதனைப் பேணுதற்கும் செலவு உண்டு. உணவு குறைந்த காலத்தில், வேலையில்லாத தசையைக் காத்துக்கொண்டிருத்தல் வீண் என்பது உடலின் கணக்கு. அத்தசைக்கு இடையிடையே கடுமையான வேலை வருமாயின் கணக்கு மாறுகிறது. 'இது வேண்டப்படும் பொருள்' என்று உடல் அதனை விட்டுவைத்துக் கொழுப்பையே மிகுதியும் நாடுகிறது. இளைக்க விரும்புவோர் பளு தூக்குவதன் பயன் இதுவே.

இங்கு ஒரு மயக்கத்தை நீக்குதல் வேண்டும். தசை பெருகினால் உறங்கும்பொழுதும் கொழுப்பெல்லாம் எரிந்து தீரும் என்று விளம்பரம் செய்வார் உளர். ஒரு கிலோ தசை, ஓய்ந்திருக்கும்பொழுது நாளொன்றுக்குச் செலவிடுவது ஏறத்தாழ 13 கலோரியே. ஒரு தேக்கரண்டிச் சர்க்கரையில் 16 கலோரி உண்டு! ஆதலின் எடையைக் குறைப்பவை உணவுக் கட்டுப்பாடும் நடையுமே. குறைவது கொழுப்பா, தசையா என்பதை முடிவு செய்வதுதான் பளு.

பளு தூக்குவோர் யாவரும் அறிந்த கிரேக்கக் கதை ஒன்று உண்டு. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் குரோட்டன் நகரில் வாழ்ந்த மைலோ என்னும் மற்போர் வீரன், ஒலிம்பிக் போட்டிகளில் ஆறுமுறை வென்றவன். அவன் இளங்கன்று ஒன்றை நாள்தோறும் தோளிற் சுமந்தான் என்றும், கன்று வளர வளர அவன் வலிமையும் வளர்ந்து, முடிவில் முழு எருதையே சுமந்தான் என்றும் கூறுவர். கதையில் மிகை இருக்கலாம், கருத்தில் பிழையில்லை. சிறிதினின்று தொடங்கிச் சிறிது சிறிதாக ஏற்றுதலே இப்பயிற்சியின் உயிர்.

நம் தென்மாவட்டத்துச் சிற்றூர்கள் சிலவற்றில் ஊர்ப் பொதுவிடத்திலோ கோயில் முன்றிலிலோ வழுவழுப்பான உருண்டைக் கல் ஒன்று கிடக்கக் காணலாம். அஃது இளவட்டக்கல் எனப்படும். பற்றுதற்கு அதில் விளிம்பு இராது. குந்தி அமர்ந்து, கல்லை இரு கைகளாலும் அணைத்து, தொடைக்கு ஏற்றி, நெஞ்சோடு சார்த்தி எழுந்து, தோளுக்கு உயர்த்திப் பின்புறமாக எறிதல் வேண்டும். அதனைத் தூக்கிய இளைஞனுக்கே பெண் கொடுத்தல் முற்கால வழக்கு என்பர். பொங்கலை ஒட்டி இன்றும் இப்போட்டி நிகழும் ஊர்கள் உள. ஆனால் இளவட்டக்கல் என்பது தேர்வு, பயிற்சியன்று. தேர்வுக் கூடத்தில் அமர்ந்து அரிச்சுவடியைத் தொடங்குவார் எவரும் இலர். உடற்பயிற்சிக் கூடத்தில் முதல் நாளே பெருந்தட்டுகளை மாட்டித் தூக்க முயன்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு வீடு திரும்பும் இளைஞர் இதனை எண்ணுவதில்லை.

படிப்படியாக ஏற்றும் இம்முறையை மருத்துவத்தின்பாற் கொணர்ந்தவருள் முதன்மையானவர் தாமஸ் டிலார்ம் என்னும் அமெரிக்க மருத்துவர். அவர் இளமையில் கடுங்காய்ச்சலால் நெடுநாள் படுக்கையிற் கிடந்து, பின்பு பளு தூக்கி உடல் தேறியவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் சிகாகோ நகரில் இருந்த படை மருத்துவமனையில், முழங்காலில் ஊறுபட்டுத் தொடை மெலிந்த வீரர்களுக்கு அவர் மருத்துவம் செய்தார். மெல்லிய பளுவைப் பன்முறை அசைக்கச் செய்தலே அந்நாளைய வழக்கம். டிலார்மோ கனத்த பளுவைச் சிலமுறையே தூக்கச் செய்தார். வலிமை ஏற ஏறப் பளுவையும் ஏற்றினார். 1945-இல் அம்முறையை வெளியிட்டார். பின்பு 1948-இல், வாட்கின்ஸ் என்னும் மருத்துவருடன் சேர்ந்து அதனை எளிதாக்கினார். ஒருவர் பத்துமுறைக்கு மேல் தூக்கவியலாத பளு 20 கிலோ எனக் கொள்வோம். அவர் முதற்கண் 10 கிலோவைப் பத்துமுறையும், சற்று ஓய்ந்து 15 கிலோவைப் பத்துமுறையும், இறுதியில் 20 கிலோவைப் பத்துமுறையும் தூக்குவார். அந்த 20 கிலோ எளிதானபின் பளு உயரும். இன்றைய பயிற்சிகள் பலவற்றிற்கும் வேர் இதுவே.

இனி, தொடங்கும் முறை. தொடக்கத்தில் இரும்பே வேண்டா. கைகளை ஊன்றாமல் நாற்காலியினின்று எழுந்து அமர்தல், சுவரிற் கைகளை ஊன்றி உடலைத் தள்ளுதல் ஆகியவற்றில் நம் உடலே பளுவாகும். இவை எளிதானபின் பஸ்கியும் தண்டாலும் வரும். அவற்றின் பின்னரே கையடக்கமான டம்பெல். அதுவும் இல்லையெனின், ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ என்பதை நினைவிற் கொள்க. மூடியுள்ள கலத்தில் வேண்டிய அளவு நீரை நிரப்பினால் பளு ஆயத்தம். பத்து அல்லது பன்னிரண்டு முறை தூக்கியபின்னும் இன்னும் இருமுறை தூக்கலாம் என்று தோன்றும் பளுவே தொடக்கத்திற்கு உரியது. பன்னிரண்டும் எளிதாகும் நாளில் சிறிது கூட்டுக.

தரையிலுள்ள பளுவை எடுக்கும்பொழுது முதுகை வளைத்தல் தீது. பளுவைக் காலருகே வைத்துக்கொண்டு, இடுப்பையும் முழங்காலையும் மடக்கி, முதுகு நேராக நிற்கக் கால்களின் வலிமையால் எழுதல் வேண்டும். தூக்கும்பொழுது மூச்சை வெளிவிடுக, இறக்கும்பொழுது உள்வாங்குக. மூச்சை அடக்கிக்கொண்டு முக்கினால் குருதி அழுத்தம் திடுமென உயரும். நெஞ்சு நோய், குருதிக் கொதிப்பு உடையோர் மருத்துவரைக் கேளாமல் தொடங்கலாகாது.

வாரத்தில் இருநாள் அல்லது மூன்று நாள் போதும். இடையில் ஒருநாளேனும் ஓய்வு வேண்டும். தசை திருந்துவது தூக்கும்பொழுதன்று. அதன்பின் வரும் ஓய்விலும் உறக்கத்திலுமே. முதல் நாட்களில் தசையில் நோவு தோன்றி ஓரிரு நாளில் தணியும், அது குற்றமன்று. மூட்டில் குத்தும் வலி தோன்றினால் உடனே நிறுத்துக. முதற் சில வாரங்களில் தசை பருக்காமலே வலிமை கூடுவதையும் காண்பீர்கள். உறங்கிக் கிடந்த தசை நார்களை ஒருங்கே வேலைக்கு அழைக்க நரம்புகள் கற்றுக்கொள்வதே அதற்குக் காரணம்.

உணவைக் குறைப்போர் புரதத்தைக் குறைத்தலாகாது. யான் செய்த பெரும்பிழை அதுவே. கஞ்சியிலும் ஊறுகாயிலும் தசைக்கு என்ன கிடைக்கும்? உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு நாள்தோறும் 0.83 கிராம் புரதம் வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வகுத்தது. எடை குறைப்போர்க்கு அதனினும் சற்று மிகுதியாக வேண்டும். 100 கிராம் துவரம்பருப்பில் ஏறத்தாழ 22 கிராமும், ஒரு முட்டையில் 6 கிராமும் உண்டு. பயறு, சுண்டல், மோர், மீன் ஆகியனவும் உதவும். வண்ண வண்ணப் புட்டிகளில் விற்கும் பொடிகளை நாடவேண்டிய தேவை பெரும்பாலோர்க்கு இல்லை.

பயிற்சி தொடங்கிய சில வாரங்களில் எடைப்பொறியின் முள் அசையாதிருக்கலாம். சிறிது ஏறவும் கூடும். புதிதாக உழைக்கும் தசை நீரைத் தேக்கிக்கொள்வதே காரணம். பலர் இங்கேதான் மனம் தளர்ந்து விட்டுவிடுகின்றனர். எடைப்பொறி கொழுப்பையும் தசையையும் நீரையும் பிரித்தறியாது. அரைஞாண் கயிறு அதனினும் நல்ல சான்று.

மாணவர்காள்! வளரும் பருவத்தினராகிய நீங்கள் இளைக்க வேண்டிப் பட்டினி கிடத்தல் தகாது. எலும்பும் தசையும் கட்டப்படும் காலம் இது. 5 முதல் 17 வயது வரை உள்ளோர் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் உடலுழைப்பில் ஈடுபடல் வேண்டும் என்றும், வாரத்தில் மூன்று நாளேனும் தசையையும் எலும்பையும் வலுப்படுத்தும் பயிற்சி அதிற் சேர்தல் வேண்டும் என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் 2020-இல் கூறியது. பளு தூக்கினால் உயரம் வளராது என்று அஞ்சுவோர் பலர். பயிற்றுநர் மேற்பார்வையில், தகுந்த பளுவை முறையாகத் தூக்குவோர்க்கு அவ்வச்சம் வேண்டா. தோழருடன் பந்தயம் கட்டித் தூக்குவதுதான் தீங்கு.

பெண்களுக்கு இஃது ஆகாது என்பதும் பிழையே. 2000-இல் சிட்னி நகரில் கர்ணம் மல்லேசுவரி வெண்கலம் வென்று, ஒலிம்பிக்கில் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண்மணியானார். அவர் வென்றது பளு தூக்குதலில். 2021-இல் டோக்கியோவில் 49 கிலோ எடைப்பிரிவில் வெள்ளி வென்ற மீராபாய் சானு, தம் எடையைப்போல் இருமடங்கிற்கும் மேலாக 115 கிலோவைத் தலைக்கு மேல் உயர்த்தினார். அவர் உடல் பருத்துவிடவில்லை என்பதற்கு அவ்வெடைப்பிரிவே சான்று.

முதுமையிலும் வாயில் அடைபடுவதில்லை. பாஸ்டன் நகரின் முதியோர் இல்லம் ஒன்றில், தொண்ணூறு வயதை ஒட்டிய பத்துப் பேர்க்கு எட்டு வாரம் கால்களுக்குப் பளுப் பயிற்சி அளித்து ஆராய்ந்தனர். பயிற்சியை முடித்தவர்களின் கால் வலிமை சராசரியாக இருமடங்கிற்கும் மேலாயிற்று என்று 1990-இல் அவ்வாய்வு வெளிவந்தது. அதனை மருத்துவர் எனக்குப் படித்துக் காட்டிய பின்னரே, அறுபதைக் கடந்த யான் 2 கிலோ டம்பெல் வாங்கினேன். ஓராண்டில் அஃது 8 கிலோவாக உயர்ந்தது. இன்று என் எடை 76 கிலோ. மண்டபத்தில் எழமாட்டாது இருந்த நாளினும் ஒரு கிலோ மிகுதி. ஆனால் அரைஞாண் கயிறு ஒரு முடிச்சு உள்ளே சென்றிருக்கிறது; தரையினின்று எழ எவர் கையும் வேண்டுவதில்லை. தண்டால் மட்டும் இன்னும் சுவரிலேதான் நடைபெறுகிறது.