முதலில் கேட்கும் உரிமையை விற்கலாமா?

கால்பந்து என்ற சொல்லைக் கேட்டதும் மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் நினைவுக்கு வருவது இயற்கை. நான் எழுத வந்தது அந்த ஆட்டத்தைப் பற்றி அல்ல. அமெரிக்கர்கள் கால்பந்து என்று அழைப்பது, எலுமிச்சம்பழத்தை இழுத்து நீட்டியது போன்ற ஒரு பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுவதும், தூர எறிவதும், எதிரே வருபவரை இடித்துத் தள்ளுவதுமான ஆட்டம். காலுக்கு அதில் வேலை சொற்பமே. பிள்ளைகளும் பேரன்களும் அமெரிக்காவில் இருக்கும் நம் குடும்பங்களில், ஏப்ரல் மாதக் கடைசியில் 'டிராஃப்ட்' என்ற சொல் தொலைபேசியில் அடிபடுவதைக் கேட்டிருப்பீர்கள். அது என்ன, அதில் தனக்குக் கிடைத்த நல்ல எண்ணை ஓர் அணி ஏன் பிறருக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் நிற்கிறது என்பதைச் சொல்ல முயல்கிறேன். ஆட்டத்தின் விதிகள் தெரியாதவர்களும் இதைத் தாராளமாகப் படிக்கலாம். இது மைதானத்தில் நடப்பதல்ல. பேரம் பேசும் அறையில் நடப்பது.

நேஷனல் ஃபுட்பால் லீக் என்ற அமைப்பில் இன்று 32 அணிகள் இருக்கின்றன. கல்லூரிகளில் ஆடிவிட்டு வரும் இளைஞர்களை இந்த அணிகள் ஆண்டுக்கு ஒரு முறை வரிசைப்படி ஒவ்வொருவராக எடுத்துக்கொள்வதுதான் டிராஃப்ட். மொத்தம் 7 சுற்றுகள். நம் ஊர் பொறியியல் கவுன்சிலிங்கை நினைத்துக்கொண்டால் சுலபமாகப் புரியும். ஆனால் கவுன்சிலிங்கில் அதிக மதிப்பெண் வாங்கியவருக்கு முதல் வாய்ப்பு, இங்கே தலைகீழ். சென்ற ஆண்டு மிக மோசமாகத் தோற்ற அணிக்கு முதல் எண், கோப்பையை வென்ற அணிக்குச் சுற்றின் கடைசி எண். ஐ.பி.எல். ஏலத்தைப் போலக் கையைத் தூக்கி விலை கேட்கவும் முடியாது. பணக்கார அணிகளே நல்ல ஆட்டக்காரர்களை எல்லாம் வளைத்துப் போட்டுவிடக் கூடாது என்பதற்காக, ஃபிலடெல்ஃபியா அணியின் உரிமையாளராக இருந்த பெர்ட் பெல் கொண்டுவந்த யோசனை இது. முதல் டிராஃப்ட் 1936இல் அந்த ஊரிலேயே நடந்தது. அன்று முதல் எண்ணில் எடுக்கப்பட்ட ஜே பெர்வாங்கர் என்பவர் தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை என்பது ஒரு வேடிக்கை.

கவுன்சிலிங்கில் நம் ரேங்க்கை இன்னொருவருக்கு விற்றால் போலீஸ் வரும். அங்கே அது சட்டப்படி செல்லும். 2ஆம் எண் வைத்திருக்கும் அணி, 6ஆம் எண் வைத்திருக்கும் அணியிடம், "என் இடத்தை நீ எடுத்துக்கொள், உன் இடத்தையும், அதற்கு மேல் இன்னின்ன சுற்று எண்களையும் எனக்குக் கொடு" என்று கேட்கலாம். வருகிற ஆண்டுகளின் எண்களையும் பேரத்தில் சேர்க்கலாம். எந்த எண்ணுக்கு என்ன விலை என்ற குழப்பம் வெகுகாலம் இருந்தது. 1990களின் தொடக்கத்தில் டல்லஸ் கௌபாய்ஸ் அணி அதற்கு ஒரு பாயிண்ட் அட்டவணை தயாரித்துக்கொண்டது. முதல் எண்ணுக்கு 3000, இரண்டாவதற்கு 2600, 6க்கு 1600, 16க்கு 1000, 39க்கு 510 என்று இறங்கிக்கொண்டே போகும். பயிற்சியாளர் ஜிம்மி ஜான்சன் பெயரால் அறியப்படும் அந்த அட்டவணை மெல்ல மற்ற அணிகளுக்கும் பரவியது.

இனி ஒரு நிஜமான பேரத்தைப் பார்ப்போம். 2012இல் 2ஆம் எண் செயின்ட் லூயிஸ் ராம்ஸ் அணியிடம் இருந்தது. அந்த ஆண்டு ராபர்ட் கிரிஃபின் என்ற இளைஞரைப் பற்றி நாடே பேசியது. அவர் குவார்ட்டர்பேக், அதாவது ஒவ்வொரு முறையும் பந்தை முதலில் கையில் வாங்கி, எறிவதா கொடுப்பதா ஓடுவதா என்று தீர்மானிப்பவர். அணியின் மூளை என்றே சொல்லலாம். ஆனால் ராம்ஸிடம் ஏற்கெனவே சாம் பிராட்ஃபோர்ட் என்ற குவார்ட்டர்பேக் இருந்தார். 2010இல் முதல் எண்ணில் எடுத்தவர். அவருக்கு 6 ஆண்டுகளுக்கு 7 கோடியே 80 லட்சம் டாலர் ஒப்பந்தம், அதில் 5 கோடி உத்தரவாதம். (அடுத்த ஆண்டே புதிய சம்பள விதி வந்து, 2011இன் முதல் எண்ணான கேம் நியூட்டனுக்கு 4 ஆண்டுகளுக்கு 2 கோடியே 20 லட்சம் என்று ஆகிவிட்டது. முதல் எண்களை வாங்க ஆள் கிடைப்பது அதன் பிறகு எளிதானது.)

ஆகவே ராம்ஸ் 2ஆம் எண்ணை வாஷிங்டன் அணிக்குக் கொடுத்தது. பதிலுக்குக் கிடைத்தவை: அந்த ஆண்டின் 6 மற்றும் 39ஆம் எண்கள், அத்துடன் 2013, 2014 ஆகிய இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்று உரிமைகள். அட்டவணைப்படி கூட்டிப் பாருங்கள். 1600உம் 510உம் சேர்ந்து 2110. குறைவது 490 பாயிண்ட்தான். அந்த 490க்காக இரண்டு ஆண்டு விளைச்சலை வாஷிங்டன் எழுதிக் கொடுத்துவிட்டது! அப்போது செயின்ட் லூயிஸில் வேலை பார்த்த என் அக்கா மகன், "கைக்கு வந்த லட்டை வித்துட்டாங்க மாமா" என்று தொலைபேசியில் புலம்பினான். நான் கணக்கைச் சொன்னேன். அவன் சமாதானம் ஆகவில்லை. ரசிகனுக்கு ஒரு பெயர் வேண்டும், ஒரு முகம் வேண்டும். 39ஆம் எண்ணுக்கு முகம் ஏது?

முதல் ஆண்டில் அவன் பக்கம்தான் நியாயம் இருப்பது போலத் தோன்றியது. கிரிஃபின் பிரமாதமாக ஆடினார். அந்த ஆண்டின் சிறந்த புதுமுகத் தாக்குதல் ஆட்டக்காரர் என்ற விருதையும் வாங்கினார். ஆனால் 2013 ஜனவரியில் முழங்கால் பலமாக அடிபட்டது. அடுத்த பருவத்தில் வாஷிங்டன் 16 ஆட்டங்களில் 3 மட்டுமே வென்றது. தோற்ற அணிக்குத்தானே முன் எண்? அந்தத் தோல்விக்குக் கூலியாக 2014இல் கிடைத்த 2ஆம் எண் வாஷிங்டனுக்குப் போகவில்லை. எழுதிக் கொடுத்தபடி ராம்ஸுக்குப் போய்ச் சேர்ந்தது. விற்ற எண்ணே இரண்டு ஆண்டு கழித்துத் திரும்பி வந்தது. ராம்ஸ் இதற்கிடையில் 6ஆம் எண்ணையும் டல்லஸுக்குக் கொடுத்து 14, 45 என்று இன்னும் பின்னால் இறங்கியிருந்தது. இப்படிச் சில்லறை மாற்றி மாற்றி ஆட்டக்காரர்களைச் சேர்த்தது. 2014 டிசம்பரில் இரு அணிகளும் வாஷிங்டனில் மோதியபோது, நாணயம் சுண்டும் சடங்குக்கு, இந்தப் பேரத்தால் வந்த ஆறு பேரையும் தலைவர்களாக ராம்ஸ் அனுப்பிவைத்தது. ஆட்டத்தையும் 24-0 என்று வென்றது. குறும்புதான், எனக்குச் சற்று அதிகப்பிரசங்கித்தனமாகவும் பட்டது.

ஏனென்றால், 2012 முதல் 2016 வரை ஒரு பருவத்தில்கூட ராம்ஸ் தோல்விகளைவிட அதிக வெற்றி பெறவில்லை. திரும்பி வந்த அந்த 2ஆம் எண்ணில் எடுத்த கிரெக் ராபின்சன் சோபிக்கவில்லை; 2017இல் அவரை வேறு அணிக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அதே 2014 டிராஃப்டில், அதே அறையில் உட்கார்ந்து, அதே ஆட்கள் தங்கள் சொந்த 13ஆம் எண்ணில் எடுத்த ஆரன் டொனால்ட் பின்னாளில் மூன்று முறை லீகின் சிறந்த தற்காப்பு ஆட்டக்காரர் விருதை வென்றார். வாஷிங்டன் கதையும் இப்படித்தான். கிரிஃபினை எடுத்த அதே டிராஃப்டில் 102ஆம் எண்ணில் கிர்க் கசின்ஸ் என்ற இன்னொரு குவார்ட்டர்பேக்கையும் எடுத்து வைத்தார்கள். 2015இல் இருந்து கிரிஃபின் இடத்தில் ஆடியவர் அவர்தான்.

பொருளாதார அறிஞர்கள் கேட் மாஸியும் ரிச்சர்ட் தேலரும் இதைத்தான் ஆராய்ந்தார்கள். தேலர் 2017இல் நோபல் பரிசு பெற்றவர். ஒரே வகை ஆட்டக்காரர்களில் அடுத்தடுத்து எடுக்கப்பட்ட இருவரை ஒப்பிட்டால், முதலில் எடுக்கப்பட்டவர் மற்றவரைவிட நன்றாக ஆடுவது 100க்குச் சுமார் 52 தடவை என்று கண்டார்கள். காசு சுண்டினாலே 50 வரும்! மொத்தத்தில் முன்னால் வருபவர்கள் பின்னால் வருபவர்களைவிடத் திறமைசாலிகள்தாம். ஆனால் விலை ஏறும் அளவுக்குத் திறமை ஏறுவதில்லை. அணி நிர்வாகிகள் தங்கள் கண்ணை அளவுக்கு மேல் நம்புகிறார்கள். ஆகவே எண்ணை விற்றுப் பின்னால் இறங்கி, ஒன்றுக்குப் பதில் இரண்டு மூன்று பேரை எடுப்பவருக்கே பொதுவாக லாபம்.

பொதுவாக என்ற சொல்லை அழுத்திச் சொல்ல வேண்டும். சில்லறை மாற்றினால் போதாது, அதைச் செலவு செய்யவும் தெரிய வேண்டும். 2011இல் கிளீவ்லாந்து அணி 6ஆம் எண்ணை அட்லாண்டாவுக்குக் கொடுத்து ஐந்து எண்கள் வாங்கியது. அட்லாண்டா அதில் ஜூலியோ ஜோன்ஸை எடுத்தது. அவர் பல ஆண்டுகள் கொடிகட்டிப் பறந்தார். கிளீவ்லாந்து, கிடைத்ததில் ஒன்றை, 28 வயதான பிராண்டன் வீடன் மேல் செலவழித்தது. இரண்டே பருவங்களில் அவரை அனுப்பிவிட்டது.

இதைவிட வலி தருவது பஃபலோ கதை. 2017இல் 10ஆம் எண்ணை அது கன்சாஸ் சிட்டிக்குக் கொடுத்தது. 27ஆம் எண், மூன்றாம் சுற்றில் ஒன்று, அடுத்த ஆண்டின் முதல் சுற்று ஆகியவை கிடைத்தன. கணக்குப்படி குறை சொல்ல முடியாது. 27இல் எடுத்த டிரடேவியஸ் வைட்டும் நல்ல ஆட்டக்காரர். ஆனால் கன்சாஸ் சிட்டி அந்த 10இல் எடுத்தது பேட்ரிக் மஹோம்ஸை. 2020, 2023, 2024 என மூன்று முறை அவர் கோப்பையை வாங்கித் தந்தார். பஃபலோ 2018இல் ஜாஷ் ஆலன் என்ற சிறந்த குவார்ட்டர்பேக்கைத் தேடிக்கொண்டது. அப்படியும் 2021, 2022, 2024, 2025 ஆகிய நான்கு ஜனவரிகளிலும் மஹோம்ஸிடமே தோற்று வெளியேறியது.

அதனால் என் அபிப்பிராயம் இது: குவார்ட்டர்பேக் இல்லாத அணி, தேடிய ஆள் கண்ணில் பட்டால் விலையைப் பார்க்காமல் ஏறலாம், மற்றவர்கள் இறங்குவதே நல்லது. ஆனால் இறங்குவதற்கு வேறொரு தடையும் இருக்கிறது. அடுத்த ஆண்டு எண்கள் பலன் தரும்போது நிர்வாகி அந்த நாற்காலியில் இருப்பாரா? வாஷிங்டன் பயிற்சியாளர் மைக் ஷனஹானுக்கு 2013 முடிவிலேயே வேலை போய்விட்டது. அவர் காலத்தில் கொடுத்த எண்ணின் நஷ்டத்தை அடுத்து வந்தவர் அனுபவித்தார்.

ராம்ஸ் அணியே 2016இல் லாஸ் ஏஞ்சலிஸுக்குக் குடிபோனதும் கட்சி மாறியது. டென்னஸியிடமிருந்து முதல் எண்ணை வாங்கி ஜாரட் காஃப் என்ற குவார்ட்டர்பேக்கை எடுத்தது. அவரை வைத்துக்கொண்டு 2019 பிப்ரவரியில் இறுதி ஆட்டம் வரை போய்த் தோற்றது. பதிலுக்கு டென்னஸி வாங்கிய எண்களில் ஒன்று 45. அதில் எடுத்த டெரிக் ஹென்றி 2020இல் ஒரே பருவத்தில் 2027 கெஜம் ஓடினார்.